செர்ரி மரத்தை மாசியில் வெட்டலாமா?

கேள்வி, 9 பெப்ரவரி 2021
லண்டனில் வீடு வாங்கி இப்போதுதான் இரண்டாவது வருடம். பின்வளவில் ஒரு பெரிய செர்ரி நிற்கிறது. சித்திரை முடிவில், அதாவது ஏப்ரல் கடைசியில், ரோஸ் நிறத்தில் அடுக்கடுக்காகப் பூக்கும், பழம் கிடையாது. கொப்புகள் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூரையைத் தொடுகின்றன. இலை இல்லாத நேரம்தான் வெட்ட நல்லது, மாசிக்குள் முடித்துவிடுங்கள் என்கிறார் மரம் வெட்டுகிறவர். வருகிற சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். ஊரில் முருங்கை, பூவரசு எல்லாம் கண்டபாட்டுக்கு வெட்டினோம், தழைத்தது. இதுவும் அப்படித்தானே?

9 பெப்ரவரி 2021, இரவு
சனிக்கிழமை வேண்டாம் தம்பி. ஆளுக்குப் போன் எடுத்துக் கோடைக்கு மாற்றுங்கள். மிச்சம் நாளைக்கு.

10 பெப்ரவரி 2021
சரி, ஏன் என்று சொல்கிறேன். ஆப்பிள், பெயார்ஸ் மரங்களைக் குளிரில் வெட்டுவது இந்த நாட்டில் வழக்கம்தான், அதில் தப்பில்லை. செர்ரியும் பிளம்மும் வேறு கூட்டம். இவற்றுக்கு வெள்ளி இலை நோய் என்று ஒரு பூஞ்சண வியாதி இருக்கிறது. அதன் வித்திகள் ஈரமான இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் அதிகமாகப் பறக்கும். புதிதாக வெட்டிய காயம் கிடைத்தால் நேரே மரத்துக்குள் இறங்கிவிடும். அந்த நேரம் மரமும் உறக்கத்தில் இருக்கும், காயத்தை மூட அதற்குத் தெம்பு இராது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை என்றால் வித்தி குறைவு, மரமும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த நாளாகப் பார்த்து வெட்டினால் காயம் தானாக அடைபட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று பற்றீரியாவால் வரும் பட்டை அழுகல். பட்டை ஓரிடத்தில் தட்டையாகக் குழி விழும், அதன் விளிம்பில் பிசின் கசியும், அடுத்த வசந்தத்தில் அந்தக் கொப்பில் மொட்டு விரியாது. அதற்கும் குளிர்கால வெட்டுக்காயம் நல்ல வாசல்.

எங்கள் வீதியில் மூன்று வீடு தள்ளி இதே சாதி மரம் ஒன்று நின்றது. தை மாதம் ஆள் வைத்து உச்சியை எல்லாம் வழித்துத் தள்ளினார்கள். அடுத்த கோடையில் ஒரு கொப்பின் இலைகள் மட்டும் மங்கல் மினுக்கம் காட்டின, பழைய அலுமினியச் சட்டி மாதிரி. இலையின் மேல்தோல் உள்ளிருந்து பிரிந்து நடுவில் காற்றுப் புகுந்துவிடுவதால் வருகிற மினுக்கம் அது. அந்தக் கொப்பை அறுத்து வெட்டுமுகத்தைத் தண்ணீரால் நனைத்துப் பார்த்தோம். நடுவில் கரும் பழுப்பாக ஒரு கறை. அதற்கடுத்த வருடம் மரம் முழுக்கப் பரவி, கடைசியில் தறித்தார்கள்.

முருங்கையை மறந்துவிடுங்கள். தடியை வெட்டி நட்டால் முளைக்கிற சாதியை வைத்து இதை அளக்க முடியாது. வேலிக்குக் கிளுவைக் கதியால் போட்டு வளர்ந்த நமக்கெல்லாம் கத்தியைக் கண்டால் கை துடிக்கும். இந்த மரத்தைக் கெடுப்பதே அந்தக் கைதான்.

12 பெப்ரவரி 2021
“நான் வருடா வருடம் தையில்தான் வெட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சந்தோஷம். சீட் பெல்ட் போடாமல் ஓட்டி வீடு வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

வெட்டுவதற்கு முன் கவுன்சிலையும் பாருங்கள். வீடு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்து, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் என்றால், ஆறு வாரம் முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும். தனி மரத்துக்கே பாதுகாப்பு ஆணை போட்டிருந்தால் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. சொந்த மரம்தானே என்று வாளைத் தூக்கி அபராதம் கட்டியவர்கள் உண்டு.

30 மார்ச் 2021
கேள்வி கேட்ட தம்பி பயந்துபோய் எழுதியிருக்கிறார். வீதியில் எல்லாச் செர்ரியும் வெள்ளையாகப் பூத்துவிட்டது, தன் மரம் மொட்டை, செத்துவிட்டதா என்று. சாகவில்லை. நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது கான்சான். பிந்திப் பூக்கும் சாதி, இங்கே சித்திரை கடைசிதான். சின்னக் கிளை நுனியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

இந்த வருடம் கியோட்டோவில் மார்ச் 26ஆம் திகதியே முழுப்பூவாம். அங்கே பூத்த நாளை 1200 வருடமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள், 2021 வரையான பதிவுகளில் இதுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. பூமி சூடாவதற்கு இதைவிடப் பழைய பதிவேடு கிடைப்பது கஷ்டம். அரச சபை நாட்குறிப்புகளில் பூ பார்க்கும் விருந்து என்றைக்கு நடந்தது என்று எழுதியதெல்லாம் இப்போது விஞ்ஞானத்துக்கு உதவுகிறது.

27 ஏப்ரல் 2021
படம் பார்த்தேன். “என் மரம் இரண்டு நிறத்தில் பூக்கிறது, அபூர்வ சாதியா” என்று ஹரோவில் இருக்கும் ஒரு அக்கா கேட்கிறார். ரோஸ் அடுக்குப் பூக்களுக்கு நடுவே ஒரு நீளக் கொப்பில் ஐந்து இதழ் வெள்ளைப் பூ. அக்கா, அபூர்வம் இல்லை. அடிமரம் தலைதூக்குகிறது.

நமக்கு ஒட்டு மா தெரியுமே, அதே கதை. கான்சான் விதை போடாது. ஆண் உறுப்புகள் பெரும்பாலும் இதழ்களாகிவிட்டன, பெண் உறுப்பு இலை மாதிரி மாறிவிட்டது. ஆகவே கான்சான் என்று விற்கிற கன்று பெரும்பாலும் ஒட்டுக்கன்று. அடியில் பெரும்பாலும் இங்கத்தைய காட்டுச் செர்ரி, இல்லாவிட்டால் அதிலிருந்து வந்த ஏதாவது அடிமரச் சாதி. தண்டை நெருங்கிப் பாருங்கள். செர்ரிப் பட்டையில் கிடையாகக் கோடு கோடாகத் தழும்பு ஓடும். ஓரிடத்தில் அந்தக் கோடுகளின் வடிவம் சட்டென்று மாறும், தண்டும் புடைத்திருக்கும். அதுதான் ஒட்டு. சிலதில் தரையோடு இருக்கும், சிலதில் ஆள் உயரத்தில். அந்தப் புடைப்புக்குக் கீழே இருந்து எது முளைத்தாலும் அது காட்டுச் செர்ரி. விட்டுவைத்தால் மேலே உள்ளதைவிட வேகமாக வளர்ந்து மரத்தையே பிடித்துக்கொள்ளும்.

சின்னதாக இருக்கும்போதே கையால் இழுத்துக் கிழித்துவிடுங்கள். கத்தியால் வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து நாலாக முளைக்கும். அக்காவின் கொப்பு கை மொத்தத்துக்கு வந்துவிட்டது, இழுக்கும் கதை இல்லை. கோடையில் அறுங்கள். புல்லுக்குள் வேரிலிருந்து வருகிறவற்றுக்கும் இதே சட்டம். மண்ணை விலக்கி, வேரில் ஒட்டியிருக்கிற இடத்திலேயே பிடுங்க வேண்டும்.

வெள்ளைப் பூவும் அழகுதான், வேண்டுமானால் விடுங்கள். தேனீக்களுக்கு அதுதான் பிடிக்கும். கான்சான் பூவில் அதற்குக் கிடைப்பது சொற்பம்.

3 மே 2021
கிளிகள். மொட்டு, பூ எல்லாம் கொத்திக் கொட்டுகின்றன. யாழ்ப்பாணத்தில் மிளகாய்த் தோட்டத்தில் கல்லெறிந்து விரட்டிய அதே சாதி, கழுத்தில் ரோஸ் வளையம், அதே சத்தம். நமக்கு முன்னமே வந்து, விசாவும் இல்லாமல், லண்டன் முழுக்கக் குடியேறிவிட்டன. ஒன்றும் செய்ய முடியாது. மரம் பெரிதென்றால் நமக்கும் மிஞ்சும்.

20 ஜூலை 2021
வெட்டுகிற நேரம் வந்துவிட்டது, ஆனால் முன்பு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜூன் என்று நான் எழுதியது நோய்க் கணக்கு மட்டும். குருவிக் கணக்கும் இருக்கிறது. 1981ஆம் வருடச் சட்டப்படி, பாவனையில் இருக்கிற கூட்டைக் கலைப்பது குற்றம். ஜூனில் மரம் முழுக்கக் கூடு இருக்கும். ஆகவே நான் இப்போதெல்லாம் ஜூலைக் கடைசியோ ஓகஸ்ட்டோ என்றுதான் சொல்கிறேன். அப்போதும் முதலில் ஏணியில் ஏறிப் பாருங்கள். காட்டுப்புறா ஓகஸ்ட்டிலும் அடை கிடக்கும். நாலு குச்சியை அடுக்கிவிட்டுக் கூடு என்று உட்கார்ந்திருக்கும், கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

வெட்டும் முறை. கொப்பு பாரமாக இருந்தால் ஒரே வெட்டில் முடிக்காதீர்கள், பட்டை கிழிந்து தண்டுவரை வரும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பாரம் போய்விடும். மிஞ்சிய குற்றியைக் கடைசியில் எடுங்கள். கொப்பு தண்டோடு சேருமிடத்தில் ஒரு மடிப்பு வளையம் தெரியும், அதைத் தொடக்கூடாது. காயத்தை மூடுவது அந்த வளையம்தான். தண்டோடு வழித்துச் சீவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

உச்சியைத் தறித்து “அளவாக” வைப்பது என்பது செர்ரிக்குச் சரிவராது. வெட்டிய இடத்தில் நேர்குத்தாகத் தடிகள் கிளம்பும். கான்சானின் அந்தக் கிண்ண வடிவம் திரும்பி வராது. கூரையைத் தொடுகிற கொப்பை அதன் பிறப்பிடத்திலேயே முழுதாக எடுங்கள், மற்றதை விடுங்கள்.

21 ஜூலை 2021
காயத்துக்குப் பூச்சு வேண்டாம். கோடை வெட்டுக்கு வெயிலே போதும்.

14 நவம்பர் 2021
லெஸ்டரில் ஒரு தம்பி வீட்டுச் செர்ரி கார்த்திகையில் பூக்கிறதாம். மாமியார் அபசகுனம் என்கிறாராம். மாமியாருக்குச் சொல்லுங்கள், அதன் பெயர் ஆட்டம்னாலிஸ், வேலையே அதுதான். நவம்பரில் தொடங்கி, குளிர் சற்று விடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மார்ச் வரை பூக்கும். ஒரே வாரத்தில் கொட்டித் தீர்க்கிற கான்சானைவிட எனக்கு இதுதான் பிடித்தம். இருட்டு மாதத்தில் சமையலறை யன்னலால் பார்க்க ஏதாவது வேண்டுமே.

இதைத் தொட்டுச் சென்னையிலிருந்து ஒரு கேள்வி: சகுரா, அதாவது யப்பான் செர்ரி, அங்கே வளருமா? வளராது. மொட்டு விழிக்க இந்த மரங்களுக்குப் பல வாரக் குளிர் வேண்டும், அது கிடைக்காவிட்டால் உறக்கம் கலையாது. இந்தியாவில் பார்க்க ஆசையென்றால் நவம்பரில் ஷில்லாங் போங்கள். அங்கே பூப்பது இமயமலைக் காட்டுச் செர்ரி, இலையுதிர் காலத்தில் பூக்கிற சாதி. 2016 முதல் அதற்கு விழாவே எடுக்கிறார்கள். பெங்களூரில் ரோஸ் நிறத்தில் வீதியை நிறைத்து, செர்ரி என்று படம் போடுகிறார்களே, அது தபேபுயா. வேறு குடும்பம், மத்திய, தென்னமெரிக்கப் பக்கத்து மரம். ஊரில் நாம் ஜாம் பழம் என்று தின்றதைச் சில இடங்களில் ஜமைக்கா செர்ரி என்பார்கள். அதற்கும் இதற்கும் சொந்தம் இல்லை.

அடையாளம் வேண்டுமென்றால் இலைக் காம்பைப் பாருங்கள். இலை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குண்டூசித் தலை அளவில் இரண்டு சிவப்புப் புடைப்பு இருக்கும். அவை தேன் சுரக்கும், எறும்பு தேடி வரும். அதோடு பட்டையில் கிடைத் தழும்பும் இருந்தால் செர்ரிதான்.

8 ஜனவரி 2022
புதுக்கன்று நடப் போகிறவர்களுக்கு. இலையில்லாத இந்தக் காலத்தில் வேரில் மண் இல்லாமல் விற்கிற கன்றுகளை வாங்குங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும், சாடிக் கன்றைவிட மலிவு, நல்லாகப் பிடிக்கும். வாங்கி வந்ததும் வேரைக் காயவிடாதீர்கள். அன்றைக்கே நட முடியாவிட்டால் ஈர மண்ணுக்குள் புதைத்து வையுங்கள்.

லண்டன் களிமண்ணில் செர்ரி சாவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கித்தான். ஆகவே ஆழக் கிடங்கு வெட்டாதீர்கள். களிமண்ணில் ஆழமான கிடங்கு கிணறாகிவிடும். வேர் இருக்கும் அளவுக்கு ஆழம், வேர்ப்பரப்பைப் போல மூன்று மடங்கு அகலம், சுவர்களை மண் கிளறும் முள்ளால் குத்தி இளக்கிவிடுங்கள். ஒட்டுப் புடைப்பு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம் என்றால் சற்று மேடு கட்டி நடுங்கள், இல்லாவிட்டால் செர்ரி ஆசையை விட்டுவிடுங்கள். கிடங்குக்குள் சாணப் பசளை, கொம்போஸ்ட் எல்லாம் கொட்டத் தேவையில்லை. தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். பசளையை மேலே பரப்பலாம், ஆனால் தண்டைத் தொடாமல்.

கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல் இருக்கக்கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இளம் மரத்தின் தண்ணீரைக் குடிப்பது அந்தப் புல்தான்.

வேர் மேலோட்டமாக ஓடும், நடைபாதைக் கல்லைத் தூக்கும், புல்வெட்டும் மெஷினில் அடிபடும். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கான்சான் நடாதீர்கள். உயரம் பத்து மீட்டர், அகலமும் அவ்வளவு வரும் மரம் அது. ஒடுங்கிய இடத்துக்கு அமனோகாவா என்ற செர்ரியைப் பாருங்கள், நேராக மேலே போகும்.

20 ஓகஸ்ட் 2022
வளவெல்லாம் வைக்கோல் நிறம். போன மாதம் 19ஆம் திகதி லிங்கன்ஷயரில் 40.3 பாகை, இங்கிலாந்து அதுவரை பார்க்காத வெயில்.

இலை வெள்ளியாகிவிட்டது, மரத்தைத் தறிக்கட்டுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாளை வையுங்கள். நான் போன வருடம் எழுதிய வெள்ளி இலைக் கதையைப் படித்துவிட்டு வந்த பயம் இது என்று நினைக்கிறேன், அதனால் அதற்கு ஒரு பின்குறிப்பு. தண்ணீர் இல்லாமல் வாடிய மரத்தின் இலையும் வெள்ளி பூசினதாகத் தெரியும். நோய் என்றால் முதலில் ஒரு கொப்பில் தொடங்கும். மரம் முழுக்க ஒரே நேரத்தில் மங்கினால் பெரும்பாலும் அது நோய் இல்லை, வாட்டம். சந்தேகம் தீராவிட்டால் பெருவிரல் மொத்தத்தில், இலை மினுங்குகிற ஒரு கொப்பை வெட்டி, முகத்தை நனைத்துப் பாருங்கள். கறை இல்லையென்றால் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஊற்றுவது எப்படி என்றால், தினமும் ஒரு கோப்பை தெளிப்பது பிரயோசனமில்லை. வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று பெரிய வாளி, மெதுவாக, ஊற ஊற. நட்டு முதல் இரண்டு கோடைக்கு இது கட்டாயம். பெரிய மரம் தானே சமாளிக்கும். நாங்கள் பாத்திரம் அலம்பிய தண்ணீரையும் வீணாக்காமல் மரத்துக்கே ஊற்றினோம்.

25 ஓகஸ்ட் 2022
சோப்புத் தண்ணீர் பரவாயில்லையா என்று கேட்டவருக்கு: ஒரு கோடைக்குப் பரவாயில்லை. பிளீச் கலந்ததை ஊற்றாதீர்கள்.

16 ஏப்ரல் 2023
யப்பான் போகிறேன், ஒரு தடியை வெட்டிச் சூட்கேசில் வைத்து வரட்டுமா என்று ஒரு தம்பி. சான்றிதழ் இல்லாமல் செடி கொண்டுவருவது இங்கே சட்டவிரோதம். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டால், 1910இல் வாஷிங்டனில் நடந்ததைப் பாருங்கள். டோக்கியோ நகரம் அன்பளிப்பாக 2000 மரம் அனுப்பியது. பரிசோதித்தால் பூச்சி, வேர்ப்புழு எல்லாம். ஜனாதிபதி டாஃப்ட் சம்மதத்தோடு அத்தனையையும் கொளுத்தினார்கள். யப்பான்காரர் கோபித்துக்கொள்ளாமல் 1912இல் 3020 மரம் திரும்ப அனுப்பினார்கள். இன்றைக்கு அங்கே குளக்கரையில் கூட்டம் கூடுவது அந்த இரண்டாவது தொகுதியால்தான்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. கென்ட்டில் கொலிங்வுட் இன்கிராம் என்று செர்ரிப் பைத்தியம் பிடித்த ஒருவர் இருந்தார். 1923இல் சசெக்ஸில் ஒரு தோட்டத்தில் சாகக் கிடந்த ஒரு செர்ரியைக் கண்டு, பெரிய வெள்ளைப் பூவைப் பார்த்து ஒட்டுத்தடி எடுத்து வளர்த்தார். 1926இல் அவர் யப்பான் போனபோது ஒரு முதியவர் பழைய ஓவியம் ஒன்றைக் காட்டி, இந்தச் சாதி எங்கள் நாட்டில் அழிந்துவிட்டது என்றாராம். இன்கிராமுக்கு அது தன் வீட்டு மரம் என்று விளங்கிவிட்டது. அதுதான் தைஹாகு. தடிகளைக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார், செத்துப்போயின. கடைசியில் தடியின் அடியை உருளைக்கிழங்கில் குத்தி, ஈரம் காயாமல், சைபீரிய ரயிலில் அனுப்பினார். 1932இல் உயிரோடு போய்ச் சேர்ந்தது. இன்று உலகத்தில் எங்கே தைஹாகு நின்றாலும் அது அந்த ஒற்றை சசெக்ஸ் மரத்தின் வழி. அல்ன்விக் தோட்டத்தில் 300க்கு மேல் நிற்கின்றன, வடக்கே போகிறவர்கள் சித்திரை கடைசியில் பாருங்கள்.

உருளைக்கிழங்கு உத்தியைச் சூட்கேசில் முயற்சி செய்ய வேண்டாம்.

18 ஏப்ரல் 2023
ஹை பார்க் செர்ரி என்ன சாதி, கான்சான் அங்கே தாங்குமா என்று கேட்ட ரொறன்ரோ அண்ணைக்கு: உங்கள் ஹை பார்க்கின் முதல் மரங்கள் 1959இல் டோக்கியோ மக்கள் சார்பில் வந்தவை, ஒற்றை அடுக்குப் பூ விடும் சோமெய் யோஷினோ சாதி. அத்தனையும் ஒரே மரத்தின் ஒட்டு வழி, அதனால்தான் ஒரே நாளில் சொல்லி வைத்தாற்போல் பூக்கின்றன. கான்சானும் உங்கள் குளிரைத் தாங்கும். ஆனால் காற்றுக்கு மறைவாக நடுங்கள்.

6 மே 2023
பூவைத் தின்னலாமா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். யப்பானில் உப்பில் போட்டு வைப்பது பெரும்பாலும் கான்சான் பூவைத்தான். முக்கால்வாசி விரிந்ததைக் காம்போடு கிள்ளி, உப்புத் தூவிப் பாரம் வைத்து, பிறகு அவர்களுடைய உப்புப் பிளம் காடியில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்துவார்கள். கல்யாணப் பேச்சு நாளில் தேநீருக்குப் பதில் வெந்நீரில் ஒன்றைப் போட்டுக் கொடுப்பார்கள், பூ உள்ளே விரியும். மருந்து தெளிக்காத மரம் என்று நிச்சயம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். நான் செய்து பார்த்தேன். வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு, ஊறுகாய்ப் போத்தல் கழுவின தண்ணீர் என்றார்.

11 மார்ச் 2024
அமனோகாவா பற்றி ஒரு பின்யோசனை. ஒடுங்கிய இடத்துக்கு என்று மேலே சொன்னேன். இளமையில் உண்மை. வயது போகப் போக அதுவும் விரியும், நடுவயதில் கொப்புகள் பனிப்பாரத்துக்கு வெளியே சாயும். இரண்டு மீட்டர் சந்துக்குள் நடாதீர்கள், குறைந்தது மூன்று மீட்டர் விடுங்கள்.

அதைவிடச் சின்ன வளவா, இல்லை பல்கனியா? கோஜோ நோ மை வாங்குங்கள். ஃபூஜி மலைச் செர்ரியின் குட்டைச் சாதி. குச்சிகள் வளைந்து வளைந்து போகும், மார்ச்சில் இலை வருமுன் பூக்கும், இலையுதிர் காலத்தில் செம்மஞ்சள் நிறம் காட்டும். பல வருடம் எடுத்து இரண்டு மீட்டர் வரும், அவ்வளவுதான். சாடியில் சந்தோஷமாக இருக்கும். அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், சாடியைச் செங்கல் துண்டுகளில் தூக்கி வையுங்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு அளவு பெரிய சாடிக்கு மாற்றுங்கள். கோடையில் சாடி மண் சீக்கிரம் காயும், விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். கத்தரிப்பதென்றால் பூத்து முடிந்த பிறகு, ஒழுங்கில்லாத குச்சியை மட்டும். மாமரம் மாதிரிப் பழம் எப்போது வரும் என்று கேட்காதீர்கள், கேட்டவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.